நெருப்பில்லாத அடுப்பு

தான்சேன், பால்பா
மங்சிர் மாதம் 3, விக்ரம சம்வத் 2072

தங்கை போன்ற பைனி சம்ஜனாவுக்கு,

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. தசைன் பண்டிகை அன்று புவா கையால் நெற்றியில் டீக்கா கூட வைத்துக்கொள்ளாமல் நீ குழந்தையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாயே, அதற்குப் பிறகு உன்னிடமிருந்து வரும் முதல் சங்கதி இந்தப் பெட்டிதான். உள்ளே இரண்டு வரியாவது எழுதியிருப்பாய் என்று தெர்மாகோலை எல்லாம் பிய்த்துப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி பதித்த ஒரு மின்னடுப்பும் சீன எழுத்தில் ஒரு காகிதமும்தான் இருந்தன.

போனில் பேசலாமே என்பாய். வீட்டுப் போன் மாமனாரின் கழுத்தில் தொங்குகிறது. புவாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நீ அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் தெருவே திரும்பிப் பார்க்கும். இவருடைய போனோ கடையில் இருக்கிறது. அங்கே போய்ப் பேசினால் தெரு இல்லை, ஊரே கேட்கும். அதனால் எழுதுகிறேன். இரவு பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், கூடவே கொஞ்சம் காய்ந்த குந்த்ருக் கீரையும் இருக்கிறது.

நான் உன் புருஷன் உத்தவிடம் சொன்னது என்ன? ஒரு மாதம் சம்ஜனாவை அனுப்பு என்றேன். அண்ணி கேட்டாள் என்று உன்னிடம் சொன்னானா, இல்லை அதையும் மென்று விழுங்கிவிட்டானா? நான் ஆளைக் கேட்டேன், நீங்கள் அடுப்பை அனுப்பியிருக்கிறீர்கள். சரி, அதுவாவது வேலை செய்கிறதா என்று பார்த்தால், சோற்றுப் பித்தளைப் பானையை ஏற்றியதும் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துபோனது. மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் கத்தியது. அதற்குள் புவா பூஜையை முடித்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றுகொண்டார்.

"இதுல அக்னி எங்க இருக்கு?"

"உள்ள இருக்கும் புவா. கரண்டுல."

"உள்ள இருக்கறத யாரு பார்த்தா? சுவாலை இல்ல, தணல் இல்ல. ஒரு பருக்கைய நெய்யில தோச்சுப் போடலாம்னா அதுக்கு ஒரு வாய் இல்ல. அக்னி இல்லாத எடத்துல வெந்தது சோறே இல்ல. எடுத்து வெளிய வை."

முதல் பருக்கையை நெருப்புக்குக் கொடுக்காமல் அவர் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். கேஸ் இருந்தபோது அந்த நீலச் சுடரில் போடுவார். இந்திய எல்லையில் கேஸ் வண்டிகள் நின்றதிலிருந்து எங்கள் சிலிண்டர் காலியாகவே நிற்கிறது. மறுபடி விறகு. ஈர விறகு. ஊதி ஊதிக் கண் போய்விட்டது. குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. ஏன் என்று கேட்காதே.

முன்பெல்லாம் மாதத்தில் நாலு நாள் எனக்கு விடுதலை இருந்தது. நான் தீட்டென்று ஒதுங்கிப் படுப்பேன், புவாவே பொங்கிக்கொள்வார். ஊரில் எல்லாப் பெண்களும் அந்த நாலு நாளைத் திட்டுவார்கள், நான் அதற்காகக் காத்திருப்பேன். போன வருஷத்தோடு அதுவும் நின்றுவிட்டது. இனிமேல் எனக்கு லீவே கிடையாது.

இந்த அடுப்பை என்ன செய்வது என்று எழுது. பருப்பும் காயுமாவது இதில் ஆகுமா?

தனகலா


கோடேஸ்வர், காத்மாண்டு
மங்சிர் 11

அக்காவுக்கு, என் திதிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை விடுதிச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடிப்பதற்குள் ஒரு குண்டான் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அறுபது பையன்களுக்கு இந்தப் பக்கம் பருப்பு, அந்தப் பக்கம் சோறு. அதில் பாதிப் பேர் பூணூல் போட்டவர்கள். எல்லாரும் இந்த மகர் சாதிப் பெண் கையால்தான் இரண்டு வேளையும் வாங்கித் தின்கிறார்கள், ஒருவனுக்கும் வயிறு வெடிக்கவில்லை.

உங்கள் கொழுந்தனார் சொன்னார், சொல்லாமல் இல்லை. நான்தான் வரவில்லை. நான் வந்து என்ன செய்வேன், சொல்லுங்கள்? நான் வடித்த சோறு புவாவின் தொண்டையில் இறங்காது. உங்கள் சமையலறையில் அடுப்பைச் சுற்றிய அந்தச் செம்மண் மேட்டைத் தாண்டி நான் இதுவரை காலை வைத்ததில்லை. பன்னிரண்டு வருஷமாக இந்தப் பக்கம் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். என் குழந்தைக்கு மேடு எது பள்ளம் எது என்று தெரியுமா? தசைன் அன்று தயிர் வேண்டும் என்று ஓடினாள், விழப் போனாள், பானையைப் பிடித்தாள். புவா இலையை விட்டு எழுந்தார், அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பானைச் சோற்றை எருமைத் தொட்டியில் கொட்டியது யார், திதி? அவர் கொட்டவில்லை. நீங்கள் கொட்டினீர்கள். குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் "எருமைக்கு மட்டும் என் கை பரவாயில்லையா அம்மா?" என்று கேட்டாள்.

போகட்டும். அடுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவும் அதில் ஆகாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். கடையில் பெரியவரிடம், உங்கள் வீட்டுக்காரரிடம்தான், பழைய ஸ்பீக்கர் காந்தம் ஏதாவது இருக்கும், வாங்கி ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் கொதிக்கும், ஒட்டாவிட்டால் கத்தும். அடிப்பக்கம் தட்டையாக இருக்கவேண்டும், உருண்டைச் சட்டி உதவாது. அடுப்புக்கு அடியில் துணி, பேப்பர் விரிக்காதீர்கள். கீழே அதற்கு விசிறி இருக்கிறது, அது மூச்சு விடவேண்டும். சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். சுவரில் உள்ள பெரிய பிளக்கில் நேராகச் செருகுங்கள், நீட்டிப்பு வயர் கூடாது, அதே வயரில் ஹீட்டரையும் சேர்த்துப் போடவே கூடாது. சமைத்து முடித்தால் உள்ளே விசிறி ஓடி நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்க வேண்டாம். கண்ணாடி கறுப்பாகவே இருக்கும், சூடு தெரியாது, கை வைத்துவிடாதீர்கள். நன்றாக ஆறிய பிறகு பிழிந்த துணியால் துடைத்தால் போதும், தேங்காய் நாரெல்லாம் போட்டுத் தேய்க்கவேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள், காலில் செருப்பு இருக்கட்டும்.

குந்தி உட்கார்ந்தால் ஏன் எழுந்திருக்க முடியவில்லை? கேட்காதே என்றால் கேட்பேன்.

சம்ஜனா


தான்சேன்
மங்சிர் 27

பைனி,

இடது கையால் எழுதுகிறேன், கிறுக்கலாக இருக்கும். வலது கையில் கட்டு.

நீ எழுதியதை எல்லாம் கேட்டேன். காந்தம் வைத்துப் பார்த்து, இரும்புச் சட்டி ஒன்றும் எவர்சில்வர் குண்டான் ஒன்றும் தேறின. சோற்றை விறகில் வடித்துக்கொண்டு பருப்பு, காய், பால் எல்லாவற்றையும் இதில் வைத்தேன். சட்டென்று கொதிக்கிறது பைனி. முதல் நாள் பால் காய்ந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு நாள் எதற்காக ஊதிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. கரண்ட் இருக்கிற நேரத்தைப் பார்த்து விடிகாலையிலேயே எழுந்து வைத்துவிடுவேன். செருப்பைப் பற்றி மட்டும் பேசாதே. சமையலறையில் செருப்புப் போட்டு நின்றால் புவா என்னையும் அடுப்பையும் சேர்த்துத் தெருவில் வைத்துவிடுவார்.

தப்பு எங்கே நடந்தது என்றால் என் கையில். முப்பது வருஷமாக இந்தக் கைக்கு ஒரு பழக்கம். எந்த அடுப்பில் சமைத்தாலும் இறக்கியதும் செம்மண்ணும் சாணியும் கரைத்து மெழுகிவிட வேண்டும், அப்போதுதான் அது அடுத்த வேளைக்குச் சுத்தம். அன்றைக்குக் கடுகு தாளித்து இறக்கினேன், பின்னாலேயே கை தானாகப் போய் அந்தக் கண்ணாடியின் மேலேயும் ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. மெழுகி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. டிக் என்று ஒரு சத்தம். பார்த்தால் ஓரத்திலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கோடு.

கோடுதானே என்று விட்டேன். மேலும் இரண்டு நாள் வைத்துச் சமைத்தேன். இன்னொரு விஷயமும் நடந்திருந்தது, எனக்குத் தெரியாது. அடுப்பின் பிளக்குக்கு மூன்று கால், எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு ஓட்டை. இவர் குறடை எடுத்து அந்த மூன்றாவது காலை வெட்டிவிட்டார். "அது சும்மா அழகுக்கு இருக்கு" என்றாராம்.

மூன்றாம் நாள் பால் பொங்கி வழிந்தது. நான் குளித்த ஈரச் சேலையோடு, வெறும் காலோடு, அப்போதுதான் மெழுகிய தரையில் நிற்கிறேன். குண்டானைப் பிடித்ததுதான் தெரியும். அப்புறம் நான் விறகுக் குவியலில் கிடக்கிறேன், புவா வாசற்படியில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். இத்தனை வருஷத்தில் அவர் என் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான். ஆனால் உள்ளே வரவில்லை. நான் தண்ணீர் தெளித்துச் சுத்தம் செய்த பிறகுதானே அவர் உள்ளே வரலாம்!

மலைமேல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கைக்குக் கட்டுப் போட்ட நர்ஸ் மேசையில் ஏறச் சொன்னாள். நான் ஏறிய விதத்தைப் பார்த்துவிட்டு இவரை வெளியே அனுப்பினாள். "எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டாள். எதைக் கேட்கிறாய் என்று கேட்க நினைத்தேன், அழுதுவிட்டேன். உனக்கு எழுதுகிறேன், வேறு யாரிடமும் சொல்லவில்லை. கர்ப்பப்பை இறங்கி வெளியே வந்துவிட்டது. கட்டிக்கொடுத்த என் சின்ன மகள் பிறந்த ஆறாம் நாளே மாவாட்ட உட்கார்ந்தேன், அதிலிருந்தே இருக்கிறது. துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு வேலை செய்வேன். எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். பூஸ் 20ஆம் தேதி இடம் இருக்கிறதாம். அப்புறம் மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது, குந்தக்கூடாது.

இப்போது புரிகிறதா நான் எதற்கு ஆளைக் கேட்டேன் என்று?

எருமைத் தொட்டியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதற்கு இன்றைக்குப் பதில் எழுத என் கையில் தெம்பு இல்லை.

தனகலா


காத்மாண்டு
பூஸ் 1

திதி,

முதலில் அந்த அடுப்பு. விரிசல் விட்ட கண்ணாடியில் இனி ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சுட வைக்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, காய்ந்த கையால் பிளக்கைப் பிடுங்கி, பரணில் போடுங்கள். யாராவது "ஒரு தடவை பார்ப்போமே" என்று எடுத்தால் வயரை வெட்டிவிடுங்கள். பெரியவரிடம் சொல்லுங்கள், அந்த மூன்றாவது கால் அழகுக்கு இல்லை. கரண்ட் வழி தவறினால் மண்ணுக்குப் போக விட்ட வழி அது. அதை வெட்டியதால்தான் உங்கள் உடம்பு வழியாகப் போயிருக்கிறது. இதைப் படித்துக் காட்டுங்கள், எனக்குப் பயம் இல்லை.

இப்போது நீங்கள். பன்னிரண்டு வருஷமாக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன், எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழும்போதெல்லாம் தூணைப் பிடிப்பீர்கள். வயது ஆகிறது என்று நினைத்தேன். என்மேலேயே கோபம் வருகிறது. உங்கள்மேலும் வருகிறது. சொல்லியிருந்தால் என்ன?

ஒன்று யோசித்தேன், சிரிக்காதீர்கள். புவா என்ன சொன்னார் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அக்னி இல்லாத இடத்தில் வெந்தது சோறே இல்லை என்றார். சரி. சோறு இல்லை என்றால் அதற்குத் தீட்டும் இல்லை. அவலும் பழமும் என் கையால் வாங்கிச் சாப்பிடுகிறாரே, ஏன்? அது சோறு இல்லை என்பதால்தானே? அப்படியானால் நெருப்பே இல்லாத அடுப்பில் நான் வடிப்பதும் சோறு இல்லை. அவர் வாயாலேயே சொன்னது. நான் வேறு அடுப்பு கொண்டுவருகிறேன், மேட்டுக்கு இந்தப் பக்கமே வைத்து வடிக்கிறேன். ஈரம் படாத மரப் பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்றுகொள்கிறேன், செருப்பும் வேண்டாம். புவாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பிளக் மாற்ற ஆளையும் பிடித்து வையுங்கள். மூன்று ஓட்டை இருக்கவேண்டும், மண்ணுக்கு வயர் இறங்கியிருக்கவேண்டும்.

சம்ஜனா


தான்சேன்
பூஸ் 8

பைனி,

கேட்டேன். நீ எழுதியதை அப்படியே சொன்னேன், உன் பெயரைச் சொல்லித்தான். இவரும் இருந்தார், தலையைக் குனிந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். புவா காதருகே கையைக் குவித்துக் கேட்டார். பிறகு சிரித்தார். நீ பார்த்திருக்க வேண்டும், ஒரு பல்லும் இல்லாத சிரிப்பு.

"சின்னவ சாஸ்திரம் படிச்சிருந்தா நம்ம ஊரு பண்டிதனுங்க எல்லாம் மாடு மேய்க்கப் போயிருப்பானுங்க" என்றார்.

"அப்ப வரச் சொல்லட்டுமா புவா?"

"வரட்டும். அவ வீடுதானே. ஆனா ஒண்ணு. அவ வடிக்கறது சோறு இல்லேன்னா, சோறு இல்லாதத நான் எதுக்கு ரெண்டு வேள சாப்பிடணும்?"

அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா? எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்மேல் ஆத்திரமும் வந்தது. ஆஸ்பத்திரி விஷயத்தையும் போட்டு உடைத்தேன். என்ன வியாதி என்று ஒரு ஆண்பிள்ளையிடம், அதுவும் மாமனாரிடம், எப்படிச் சொல்வது? வயிற்றில் ஆபரேஷன் என்றேன். பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"பூஸ் மாசத்துல நல்ல காரியம் எதுவும் கூடாதும்மா. மாக் மாசம் பொறக்கட்டும், பார்த்துக்கலாம்."

"மாக்ல எடம் இல்லயாம் புவா. சைத்து மாசத்துலதான்."

"இத்தன வருஷம் இருந்தது சைத்து வரைக்கும் இருக்காதா?"

கெட்ட மனிதர் இல்லை பைனி. எனக்கு ஜன்னி வந்தபோது ராத்திரி முழுவதும் வாசலில் உட்கார்ந்து ஜபித்தவர். ஆனால் அவர் வாழ்க்கையில் சோறு தானாகவே வந்திருக்கிறது. அது எந்த இடுப்பிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது. இவர் நகம் வெட்டி முடித்துவிட்டு, "அப்பா சொல்றதும் சரிதானே, சைத்துல கடைலயும் வேல கொறச்சல்" என்றார். இவர் பஜாரில் மோமோ கடையில் யார் கையால் வேண்டுமானாலும் தின்பார், அது வேறு கதை.

நீ வரவேண்டாம். தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிவிடப் போகிறேன். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. தூங்கவேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான்.

தனகலா


காத்மாண்டு
பூஸ் 12

திதி,

தள்ளிவைக்காதீர்கள். விடுதியில் லீவு சொல்லிவிட்டேன். பதினேழாம் தேதி இரவு பஸ்ஸில் நானும் குழந்தையும் வருகிறோம். அடுப்பு, மூன்று கால் பிளக்கோடு, என் மடியில் வரும்.

நான் புவாவுக்குச் சோறு போட வரவில்லை. அவர் அவல் சாப்பிடட்டும், தயிர் சாப்பிடட்டும், பட்டினி கிடக்கட்டும், பொங்கிக்கொள்ளட்டும். எனக்கு உங்கள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிப் படி ஏற்றவேண்டும். அதற்குச் சாஸ்திரத்தில் தடை ஏதாவது இருந்தால் பஸ் நிலையத்திலேயே சொல்லிவிடுங்கள், அங்கேயே கிழித்துப் போடுகிறேன்.

சம்ஜனா


தான்சேன், வீட்டிலிருந்து
பூஸ் 25

திதிக்கு,

பெரியவரிடம் டிபன் கேரியரையும் இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஆபரேஷன் முடிந்த அன்று உங்களைப் பார்த்தபோது மயக்கத்தில் இருந்தீர்கள், என்னைப் பார்த்து "பால் பொங்குது" என்றீர்கள். இன்றைக்குத் தலையணையில் சாய்ந்து உட்காருகிறீர்கள் என்று நர்ஸ் சொன்னாள். நல்லது. அதைவிட அதிகமாக எதுவும் செய்யாதீர்கள்.

வீடு நடக்கிறது. சமையலறைக்கு வெளியே நடைப்பக்கத்தில், ஜன்னலோரம், மேசைமேல் அடுப்பை வைத்திருக்கிறேன். நாலு விரல் இடம் விட்டு, காய்ந்த பலகைமேல் நின்று, கண்ணாடி ஆறியபிறகு துடைத்து. எலெக்ட்ரீஷியன் புதுப் பிளக் போட்டுவிட்டான். நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை. நானும் குழந்தையும் பெரியவரும் அதில்தான் சாப்பிடுகிறோம். பெரியவர் முதல் நாள் தட்டை மறைத்துக்கொண்டு சாப்பிட்டார், இப்போது இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிறார்.

புவா அவலும் தயிரும்தான். முகம் வாடிவிட்டது, பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. நான் சோறு வடிக்கும்போது நடையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

நேற்று, "வாசன வருது" என்றார்.

"வருமே புவா. புது அரிசி."

"மூடி வை."

மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து, "மூத்தவ எப்ப வருவா?" என்றார்.

"வெள்ளிக்கிழம விடுவாங்க. ஆனா மூணு மாசம் ஒண்ணும் செய்யக்கூடாது. குனியக்கூடாது, தூக்கக்கூடாது. தையல் பிரிஞ்சா மறுபடி மேசைதான்."

"சின்னப் பானையா வெச்சுக்கலாமே. எனக்கு ஒரு பிடிதான. நான் காத்திருக்கேன், சொல்லு அவகிட்ட."

பெரியவரும், "நான் தண்ணி தூக்கித் தரேன், வெறகு வெக்கறேன், அவ சும்மா வடிச்சுக் குடுத்தாப் போதும்" என்கிறார். நான் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். இவர்கள் வெள்ளிக்கிழமை மாலையே உங்களை அந்த மேட்டுக்குள் உட்காரவைத்துவிடுவார்கள். நீங்களும் உட்காருவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். "பாவம், கிழவர் பசியோடு இருக்கிறார்" என்பீர்கள். நான் எத்தனை நாள் காவல் இருக்கமுடியும்?

இன்னொன்று. இத்தனை நாள் உங்களுக்கும் அவல், பருப்புத் தண்ணீர், பழம்தான் அனுப்பினேன். நீங்களும் என் கையால் சோறு சாப்பிட்டதில்லை, எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் டாக்டர் சோறு கொடுங்கள் என்கிறார், ரத்தம் போயிருக்கிறது என்கிறார். இன்றைக்குக் கீழ்த் தட்டில் சோறு வைத்திருக்கிறேன். மேல் தட்டில் கீரையும் பருப்பும். வேண்டாம் என்றால் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். பொய், கோபித்துக்கொள்வேன். ஆனால் சொல்ல மாட்டேன்.

சம்ஜனா


ஆஸ்பத்திரி, பெண்கள் பகுதி
பூஸ் 26

பைனி சம்ஜனா,

நேற்று கேரியரை இவர் கட்டில் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கீழ்த் தட்டைத் திறந்தேன். இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து யாரும் எனக்குச் சுடச்சுடச் சோறு கொண்டுவந்து வைத்ததில்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்து, நான் மெழுகிவிட்டு உட்காரும்போது அது ஆறிப் பருக்கை பருக்கையாக இருக்கும். நான் சோற்றுக்குச் சூடு உண்டு என்பதையே மறந்துவிட்டேன் போல.

எருமைத் தொட்டிக்குப் பதில் எழுதவில்லை என்று உனக்கு ஆத்திரம் இருக்கும். அன்றைக்குப் புவா என்னைக் கொட்டச் சொல்லவில்லை. நானாகக் கொட்டினேன். கொட்டாமல் வைத்திருந்தால், அந்தச் சோற்றில் என்ன கெட்டுப்போயிற்று, அவர் ஏன் எழுந்தார், நான் எதற்கு மறுபடி பொங்கவேண்டும் என்று எனக்கே கேள்வி வந்துவிடும். இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது. குழந்தையிடம் நானே வந்து சொல்கிறேன்.

சாப்பிட்டேன் பைனி. ஒரு பருக்கை விடவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மா கேட்டாள், அவளுக்கும் கொடுக்கவில்லை. மேல் தட்டுப் பருப்பைக் கவிழ்த்துப் பிசைந்து, கையை நக்கி, தட்டை வழித்துச் சாப்பிட்டேன். இவர் டீ குடித்துவிட்டு வந்து பார்த்து வாயைப் பிளந்து நின்றார்.

"என்ன பண்ணிட்ட நீ!"

"சாப்பிட்டேன்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும்."

இவர் கட்டிலில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கே விளங்கியது. விளங்கியதும் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், வலி தாங்கவில்லை, நர்ஸ் ஓடி வந்தாள்.

நீ புவாவிடம் போய்ச் சொல். மெதுவாகச் சொல்லாதே, காது கேட்கிற மாதிரிச் சொல். திதி என் கையால் சோறு சாப்பிட்டுவிட்டார், இன்றைக்கும் சாப்பிட்டார், நாளைக்கும் சாப்பிடுவார் என்று சொல். உன் கைச் சோற்றைத் தின்ற பிறகு என் கை மட்டும் எப்படி அவருக்கு ஆகும்? ஆகாது. அவருடைய நியாயப்படியே ஆகாது. இனி இந்த வீட்டில் அவருக்குச் சோறு வடிக்க என்னால் முடியாது, மூன்று மாதம் இல்லை, என்றைக்குமே முடியாது. பிராயச்சித்தம் என்று ஏதாவது சொல்வார். நான் செய்துகொள்ளப் போவதில்லை.

அவருக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது, மாதம் நாலு நாள் இருபது வருஷம் பொங்கியவர்தான். சின்னக் கேஸ் சிலிண்டர் வந்தால் அதில் பொங்கட்டும். அதுவரை உன் அடுப்பில் பொங்குவதென்றால் பொங்கட்டும், எந்த அக்னியை எங்கே தேடிக்கொள்வார் என்பது அவர் பாடு. ஆனால் தனியாக விட்டுவிடாதே. குளித்த ஈரத் தோத்தியோடு வந்து நிற்பார், வெறும் காலோடு நிற்பார், முதல் பருக்கையை நெய்யோடு அந்தக் கண்ணாடிமேலேயே போடப் பார்ப்பார். கையைத் துடைக்கச் சொல். பலகைமேல் ஏறச் சொல். ஆறுவதற்குள் மெழுகக் கூடாது என்று சொல், எனக்கு எழுதினாயே அந்த மாதிரி ஒவ்வொன்றாகச் சொல். திட்டுவார், திட்டட்டும். கிழவர் சாகவேண்டாம்.

வெள்ளிக்கிழமை நான் வந்து உன் பக்கம்தான் உட்காருவேன், மேட்டுக்கு வெளியே.

நாளைக்குச் சோறு கொஞ்சம் கூட வை பைனி. எனக்குப் பசிக்கிறது.

தனகலா